பண்டிகைக் காலத்தில் உடம்புக்கும் ஒரு பங்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் தமிழர்களுக்குப் பண்டிகை என்பது ஒரு நாளோடு முடிவதில்லை. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் வீட்டில் மீனும் கறியும் நின்றுவிடும்; சனிக்கிழமைகளில் கோவிந்தனுக்குப் பூசை நடக்கும். புரட்டாசி முடிந்த கையோடு தீபாவளி வந்துவிடும். பலகாரப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பள்ளிகள் மூடிவிடும். டிசம்பர் விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து உறவினர்கள் வருவார்கள், அல்லது நாங்கள் அங்கே புறப்படுவோம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வந்து, கடைசியில் தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும். தென்கோளத்தின் கோடையில், வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டும் மாதங்களில், இத்தனையும் மூச்சுவிட இடமில்லாமல் வந்து நிற்கின்றன. நல்ல உடம்பு உள்ளவர்களையே அலுக்கவைக்கும் இந்த மாதங்களைத் தீராத நோயோடு வாழ்கிறவர்கள் எப்படிக் கடப்பது என்பதை, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு குடும்பமும் நடத்தி, வாரக்கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் எடுத்துவருகிறவள் என்ற முறையில் எழுதிவைக்க விரும்புகிறேன்.

முடக்குவாதம் என்று நான் சொல்வது, வயதான காலத்தில் மூட்டு தேய்ந்து வரும் வலியை அன்று. மருத்துவர்கள் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்று சீட்டில் எழுதும் நோய் இது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கத் தொடங்குவதால் இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாத விரல்கள் ஆகிய சிறு மூட்டுகளைத்தான் முதலில் பிடிக்கும். பெரும்பாலும் வலது இடது இரண்டு பக்கமும் சேர்ந்தே பிடிக்கும். வீக்கத்தையும் வலியையும் பிறர் ஓரளவு புரிந்துகொள்கிறார்கள். அதனோடு வரும் களைப்பைத்தான் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. தூங்கி எழுந்தாலும் அது தீராது. ஒரு நாள் மாடிப்படி ஏறி இறங்குகிறவளுக்கு மறுநாள் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போகும். அதற்கு முந்தைய நாள் அவள் தப்பாக எதுவும் செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

பண்டிகைக்குத் தேதி உண்டு, நோய்க்குத் தேதி கிடையாது என்பதுதான் எங்களுடைய முதல் சிக்கல். வேலையையெல்லாம் முடித்துவிட்டு மிஞ்சுகிற நேரத்தில் படுத்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு எங்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் பண்டிகை நாளில் நேரம் மிஞ்சுவதே இல்லை. உடம்பின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பண்டிகையைக் கொண்டாடுவது என்று நான் தீர்மானித்தேன். நாட்காட்டியை எடுத்தால் தீபாவளிக்கு மறுநாளைத்தான் முதலில் வட்டமிடுகிறேன். இந்த நாட்டில் தீபாவளி அரசு விடுமுறை அன்று. விடுப்பு எடுக்கிறவர்கள் பலகாரம் சுடுவதற்காக முந்தைய நாளை எடுப்பதுதான் வழக்கம். 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. திங்கட்கிழமையை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இதே நோயுள்ள தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமையன்று வீட்டுக்கு யாரையும் அழைக்கக் கூடாது, கோயிலுக்கும் போகக் கூடாது, பாத்திரமும் தேய்க்கக் கூடாது.

புரட்டாசியில் தொடங்குகிறேன். எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் புரட்டாசி விரதம் என்றால் மாதம் முழுவதும் சைவம். அதில் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பருப்பும் பீன்ஸும் தயிரும் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். சனிக்கிழமைகளில் பூசை முடியும் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதில்தான் கவனம் தேவை. வீக்கத்துக்குத் தரும் வலி மாத்திரைகளில் பல, வெறும் வயிற்றில் விழுந்தால் இரைப்பையைப் புண்ணாக்கும். ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துகொண்டால் அந்த ஆபத்து இன்னும் கூடும். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்குப் போகலாம், ஏனென்றால் உடல் தானாகச் சுரக்க வேண்டியதை அதற்குள் சுரக்க மறந்திருக்கும். ஆகவே ஆகஸ்ட்டிலேயே மருத்துவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்: இன்னின்ன நாளில் விரதம், இத்தனை மணி வரை சாப்பாடு இல்லை, எந்த மாத்திரையை எப்போது எடுப்பது? எங்கள் வீட்டில் இதைத் தீர்த்துவைத்தவர் என் கணவரின் பெரியம்மா. பூசைக்கு முன்பே ஒரு கிண்ணம் கஞ்சியை என் முன்னால் வைத்து, “பெருமாள் உன் வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை அம்மா, குடி” என்றார். பெரியவர்களில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை.

முடக்குவாதத்தை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை எடுக்கிறவர்களுக்குக் கிழமைக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். மறதியில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கவிளைவைக் குறைப்பதற்கான ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் தருவார்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுத்த மறுநாள் பலருக்கு வாய் கசந்து, வயிறு புரட்டி, உடம்பு துவண்டு கிடக்கும். தீபாவளியோ காவடியோ சரியாக அந்த மறுநாளில் வந்து விழுந்தால், கிழமையை ஓரிரு நாள் தள்ளிக்கொள்ளலாமா என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ முன்கூட்டியே கேட்கலாம். கேட்காமல் தானாக மாற்றுவதும், விட்டுப்போனதென்று இரண்டு மடங்காக எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

தீபாவளி நெருங்கும்போது இன்னொரு ஆசையும் தலைகாட்டும். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் வாரம் முழுக்க ஓடியாடி வேலை செய்யலாமே என்ற ஆசை அது. அந்த மருந்தின் வலிமை உண்மைதான். 1948-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச்சும் அவருடைய சகாக்களும் முடக்குவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டீன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலும்பு தேய்வது, முகம் ஊதுவது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது என்று அதன் மறுபக்கம் வெளிப்படவும் அதிக காலம் ஆகவில்லை. நோய் உண்மையாகவே கிளர்ந்தெழும்போது மருத்துவர் தருகிற ஊசியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. முறுக்கு பிழிவதற்காகக் கேட்டு வாங்கும் ஊசியைத்தான் நான் எதிர்க்கிறேன். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கிற நம் குடும்பங்களில், ஊசியும் குலாப் ஜாமுனும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வலி அடங்கிய மூட்டை மிதமிஞ்சி வேலை வாங்கினால், ஊசியின் வேகம் இறங்கிய பிறகு அந்த மூட்டு அதற்குக் கணக்குக் கேட்கும்.

சமையலறைக்கு வருகிறேன். நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. டர்பனில் தீபாவளி என்றால் பெட்டி பெட்டியாகப் பலகாரம். பர்ஃபி, ஜிலேபி, நான்கட்டாய், சானா மகாஜ், வாழைப்பூரி, விரல் நீளத்துக்கு உருட்டிப் பாகில் போட்ட குலாப் ஜாமுன், முறுக்கு, செவ்டா, சமோசா என்று நீளும் இந்த வரிசையில் தெற்கும் வடக்கும் குஜராத்தும் கலந்திருக்கின்றன. ஒரே தெருவில் குடியிருந்து ஒருவர் வீட்டுத் தட்டை ஒருவர் வாங்கிக்கொண்ட மக்களின் பலகாரம் இது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும், எதிர்வீட்டுக் கிறிஸ்தவர்களுக்கும், வேலை இடத்துத் தோழர்களுக்கும் பெட்டி போக வேண்டும். அத்தனையையும் ஒரு பெண் தன் ஒற்றைக் கையால் செய்து முடிப்பதுதான் குடும்பப் பெருமை என்று ஒரு நினைப்பு எப்படியோ வேரூன்றிவிட்டது.

இது பழைய வழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறையைத் தொட்டது முதல், 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் வரிசை வீடுகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். என் கணவரின் அவ்வா, அதாவது பாட்டி, பிறந்து வளர்ந்தது மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்துத் தோட்ட வரிசையில். அங்கே தீபாவளிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அடுப்பு எரிந்ததில்லை என்று அவர் சொல்வார். வரிசைக்கு ஒரு பெரிய இருப்புச் சட்டி. ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி எண்ணெயைப் பார்த்துக்கொள்ள, கை முடியாத கிழவி உட்கார்ந்த இடத்திலிருந்து உப்பும் பக்குவமும் சொல்வாளாம். அந்தக் கிழவிக்கும் பலகாரத்தில் சம பங்கு உண்டு. பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, 1960-களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது ஆளுக்கொரு வீடும் ஆளுக்கொரு சமையலறையும் ஆயின. பல்லாண்டு பழகிய அக்கம்பக்கம் கலைந்துபோனது. ஒற்றைப் பெண் எல்லாவற்றையும் செய்யும் தீபாவளி அதற்குப் பிறகு வலுத்தது என்பது என் கணிப்பு. வேலையைப் பங்கிட்டால் பண்டிகை குறைந்துவிடும் என்று வருந்துகிற நோயாளிகளிடம் நான் அவ்வாவின் இருப்புச் சட்டியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் தெருவில் இப்போது ஐந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒரே பலகாரம். அதை ஐந்து வீட்டுக்கும் போதுமான அளவில் செய்துவிட்டு, முந்தைய நாள் மாலை ஒரே மேசையில் வைத்துப் பங்கிட்டுப் பெட்டிகளை நிரப்புகிறோம். சமோசாவை யாரும் அடியிலிருந்து செய்வதில்லை. அதன் மெல்லிய மேல்தாளை இங்கே பூர் என்பார்கள். அதைத் திரட்டி, கல்லில் காட்டி, பட்டை பட்டையாக வெட்டுவது மணிக்கட்டை வதைக்கும் வேலை. சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே அதைச் செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே இருக்கும் பங்களாதேஷ் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிற நாளில் பூரையும் கேட்டு வாங்கிவந்துவிடலாம். கடையில் வாங்கியதைத் தட்டில் வைத்தால் முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு பெண்ணின் பிழைப்புக்கு உதவி, என் விரல்களையும் காப்பாற்றும் பூரைப் பற்றி எனக்குச் சிறிதும் கூச்சமில்லை.

எங்கள் பங்குக்கு வருவது முறுக்கு. அரிசி மாவு நாலு பங்குக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒரு பங்கு, வெண்ணெய், ஓமம், உப்பு. என் விரல்களால் இப்போது அத்தனை மாவையும் அடித்துப் பிசைய இயலாது. பித்தளை அச்சின் மேல்பிடியைத் திருகி அழுத்துவது அதைவிடக் கடினம். மணிக்கட்டைத் திருகிக்கொண்டே பலம் கொடுக்க வேண்டிய எந்த வேலையும் முடக்குவாதக் கைக்கு ஆகாது. கணவருடைய அண்ணன் மகன், பதினான்கு வயதுப் பையன், வந்து பிசைகிறான், அவனே பிழிகிறான். உயரமான முக்காலியில் உட்கார்ந்து பக்குவம் பார்ப்பது என் வேலை. மாவில் ஒரு துண்டைக் கிள்ளிப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல நசுக்கிப் பார்ப்பேன். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை; விரலில் ஒட்டி இழுத்தால் கூடிவிட்டது; ஓரம் வெடிக்காமல் பட்டையாக விரிந்து, விரலை விட்டுச் சுத்தமாகக் கழன்றால் அச்சில் போடலாம். “சித்தி, இது போதுமா?” என்று ஒவ்வொரு முறையும் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போது கேட்பதற்கு முன் தானே கிள்ளிப் பார்க்கிறான். அவன் பிழிகிற முறுக்கு வட்டமாக வருவதில்லை. ஆனால் பக்குவம் பிசகுவதுமில்லை. வலி இல்லாத கையாக இருந்திருந்தால் நான் இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்திருப்பேனா என்று யோசித்திருக்கிறேன். வேகமாக நானே செய்து முடித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

வேலைக்கு நேரம் குறிப்பதிலும் யோசனை தேவை. காலையில் எழுந்ததும் மூட்டுகள் மரத்துப் பூட்டிக்கொள்வது இந்த நோயின் அடையாளம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் அது நீளும். வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் இரவின் பின்பகுதியில் இரத்தத்தில் ஏறுவதால் விடியற்காலையில்தான் அது உச்சத்தில் இருக்கும். பத்து மணிக்கு மேல் கை இளகும்போது, நவம்பர் வெயில் சமையலறையைப் பற்றவைத்திருக்கும். ஆகவே மாவு பிசைவதையும் பக்குவம் பார்ப்பதையும் முற்பகலில் முடித்துவிட்டு, பொரிப்பதை மாலையில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் எரிவாயு அடுப்பை வைத்துச் செய்கிறோம். எண்ணெய்ச் சட்டியைத் தூக்குவது யாருடைய வேலை என்பதை முன்பே முடிவுசெய்துவிடுகிறோம். பிடி நழுவும் கையோடு கொதிக்கும் எண்ணெயை நகர்த்தக் கூடாது என்பதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

விடியற்காலை என்றதும் எண்ணெய்க் குளியல் நினைவுக்கு வரும். தீபாவளியன்று சூரியன் உதிப்பதற்கு முன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டும். டர்பனில் அந்தச் சமயத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும் என்பதால் நாலு மணிக்கே எழுந்தாக வேண்டும். முடக்குவாதக்காரருக்கு நாளிலேயே மிக மோசமான நேரம் அது. ஆனாலும் இந்த ஒரு சடங்கை நான் விட்டதில்லை, விடச் சொல்லி யாருக்கும் யோசனை சொன்னதுமில்லை. காலையில் பூட்டிக்கொண்ட மூட்டை இளக்க வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய தேய்ப்பும் நல்லவை என்று உடற்பயிற்சி மருத்துவர்கள் சொல்வதைத்தான் இந்தச் சடங்கும் செய்கிறது. என் மகள் எண்ணெயைச் சற்றே சூடாக்கிக் கொண்டுவந்து, உச்சந்தலையில் வைத்துவிட்டு, பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, வீங்கிய கணுவை அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிடுவாள். குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பும், உட்காரப் பிளாஸ்டிக் முக்காலியும், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும் வைத்திருக்கிறோம். பட்டுப்புடவை கட்டுவதை மட்டும் ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கொசுவம் மடிக்க விரல்கள் அதுவரை தயாராவதில்லை.

வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்பதை அன்போடுதான் சொல்கிறார்கள். மஞ்சளும் தேனும், தக்காளியை விட்டுவிடு, தவிட்டு எண்ணெய் தடவு, யாரோ ஒருவருக்கு யாரோ ஒரு வைத்தியர் கொடுத்த பொடி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கினால் பண்டிகை நாளே விவாதத்தில் கழிந்துவிடும். “சரி ஆன்ட்டி, மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன்” என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பெயர் தெரியாத பொடியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை, அதனால்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். டிசம்பர் விருந்துகளில் மதுவை மறுப்பதற்கும் அதுவே காரணம் என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை.

கைகுலுக்கல் சிறிய காரியம் போலத் தோன்றும். பண்டிகை நாளில் வாழ்த்துகிற உற்சாகத்தில் கையை இறுக்கிப் பிடித்து உலுக்குவார்கள். அந்த வலி மாலை வரை நிற்கும். கைகூப்பி வணக்கம் சொல்வது நம்மிடமே இருப்பதால் நான் அதற்கு மாறிவிட்டேன். எங்கள் பலகாரப் பெட்டியை ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் ஜூலு அம்மையார் ஒருவர் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கோகோ, ஜூலு மொழியில் பாட்டி. இந்நாட்டு வழக்கப்படி கையைப் பிடித்து, பெருவிரலைக் கோத்து, மறுபடி கையைப் பிடிக்கும் மூன்று படிக் குலுக்கல் அவருடையது. என் நோயைப் பற்றி ஒருமுறை சொன்னேன். அதன்பிறகு என் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு பேசுகிறார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. பெட்டியை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், காலித் தட்டை அவருடைய பேரன் கொண்டுவருகிறான்.

டிசம்பருக்கு மருந்துதான் முதல் வேலை. இந்த நாட்டில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பாதி மருத்துவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். மருந்துச் சீட்டு அந்த இடைவெளியில் முடிந்துபோனால் புதுப்பிக்க ஆள் தேட வேண்டிவரும். நவம்பரிலேயே சீட்டின் தேதியைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறவர்கள், நோய் கட்டுக்குள் இருந்தால், வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடை போன்ற இடங்களில் மருந்தைப் பெற்றுக்கொள்ளும் அரசுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்; வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு, காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயம் பணம் கொடுக்க வேண்டிய நெடுநாள் நோய்களின் பட்டியலில் முடக்குவாதமும் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். விடுமுறை ஊரில் சளியோ சிறுநீர்த் தொற்றோ வந்து, அறிமுகமில்லாத மருத்துவரிடம் போக நேர்ந்தால், மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற சாதாரணத் தொற்று மருந்து அதனோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும். நான் எடுக்கும் மருந்துகளையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். கணவருடைய கைபேசியிலும் அதன் படம் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்குக்குப் போகும் என்3 நெடுஞ்சாலை ஏறக்குறைய 570 கிலோமீட்டர். டிசம்பரில் சுங்கச்சாவடிகளில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் மூட்டு காலையைப் போலவே பூட்டிக்கொள்ளும் என்பதால், மூயி ரிவர், ஹாரிஸ்மித் என்று இடையிடையே இறங்கி நடந்துவிட்டுத்தான் மேலே போகிறோம். மருந்துப் பையைக் காரின் பின்பெட்டியில் வைக்கக் கூடாது. வெயிலில் அது கொதித்துப்போகும். முடக்குவாதத்துக்கான சில ஊசி மருந்துகளையும், என் நாத்தனார் போட்டுக்கொள்கிற இன்சுலினையும் இருப்பு வைக்க 2 முதல் 8 டிகிரிக் குளிர் தேவை. மின்வெட்டு அட்டவணை பார்த்து வாழ்ந்த ஆண்டுகளில் வாங்கிய குளிர்ப்பையும் பனிக்கட்டி அட்டைகளும் இப்போது பயணத்துக்கு உதவுகின்றன.

கடைசியாகக் காவடி. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, சிலருக்கு அது பிடிக்காமலும் போகலாம். மெத்தோட்ரெக்ஸேட்டோ ஸ்டீராய்டோ எடுக்கிறவர்களின் எதிர்ப்புச் சக்தி வேண்டுமென்றே அடக்கப்பட்டிருக்கிறது; அவர்கள் அலகு குத்திக்கொண்டால் சாதாரணக் காயமும் சீழ் பிடித்துக் காலத்தை இழுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வேண்டுதல் ஏற்கெனவே இருந்தால், கோயில் குருக்களிடம் நிலைமையைச் சொல்லி, அலகுக்குப் பதிலாகப் பால்குடமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தோளில் வாதம் உள்ளவர்கள் காவடியின் பாரத்தை வீட்டில் இன்னொருவருக்கு ஒப்படைக்கலாம். பிப்ரவரி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பது பாத மூட்டுகள் வீங்கியவர்களுக்குக் கடும் சோதனை. கெட்டியான பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு வருகிறவர்களை எங்கள் கோயிலில் யாரும் தடுப்பதில்லை. கூட்டத்தில் இருமுகிறவர்கள் அதிகம், முகக்கவசமும் வேண்டும்.

எங்கள் வீட்டில் காவடியை என் கணவர் எடுக்கிறார். ஊர்வலம் கோயில் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் நான் காத்திருந்து, சிறிய செம்பில் பாலோடு சேர்ந்துகொண்டு, கடைசித் தெருவை மட்டும் நடக்கிறேன். இதற்காகக் கொடியேற்றத்துக்கு முன்பே கோயில் நிர்வாகத்தாரிடம் பேசிவிட வேண்டும்: பக்கவாசல் எத்தனை மணிக்குத் திறக்கும், நிழலில் நாற்காலி போடுவார்களா, பாலாபிஷேகத்துக்கு நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்குத் தனி வரிசை உண்டா என்று. சென்ற முறை நான் கேட்டபோது தொலைபேசியை எடுத்தவர், “வேறு எத்தனை பேருக்கு வேண்டும் அக்கா?” என்று திருப்பிக் கேட்டார். தெரிந்தவர்களின் பெயர்களைச் சொன்னேன். பந்தலின் கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. இந்த முறை இரண்டு வரிசை கேட்கலாம் என்றிருக்கிறேன்.